பன்னிரண்டு கட்டில்களும் ஒரு உருளி உளுந்தங்களியும்

புற்றுநோயாளிகளுக்கான எங்கள் இல்லத்தில் இப்போது வேலை பார்க்கும் இளைய நர்சுகள் நான்கு பேர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இறந்துபோன சொந்தக்காரர் நினைவாக ஒரு குடும்பம் இல்லத்துக்கு வந்து ஒரு நாள் சாப்பாடு கொடுத்து, தங்கள் கையால் பரிமாறிவிட்டுப் போகும் வழக்கம் அங்கே உண்டு. அதை யார் ஆரம்பித்தது, வெளிநாட்டில் எங்கேயாவது பார்த்துவிட்டு வந்து செய்தீர்களா என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் என் ஆயுளில் போன அதிகத் தூரம் மதுரை. அந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் ஒரு நோயாளி. அதுவும் தன் எச்சிலைக்கூட விழுங்க முடியாதவள். சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் தக்கலை. அறுபதுகளின் தொடக்கத்தில் நர்ஸ் படிப்புக்காகத் திருவனந்தபுரம் வந்தவள், அப்படியே இங்கேயே தங்கிவிட்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று வருடம் பயந்தேன், பிறகு பழகிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பதினாறு வருடம் புற்றுநோய் வார்டில் இருந்தேன்.

அந்தப் பதினாறு வருடத்தில் என்னை விட்டுப் போகாத ஒரு நாள் உண்டு. இனி மருந்தில்லை என்று முடிவான ஒரு அம்மாளிடம் டாக்டர் எழுதிய சீட்டைக் கொடுத்து, "வீட்டுக்குப் போகலாம்" என்றேன். என் வேலையே அதுதான், சீட்டைக் கொடுப்பது. அந்த அம்மாள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வீட்டுக்குப் போயி என்னம்மா செய்யணும்?" என்று கேட்டாள். வலி வந்தால் என்ன செய்வது, புண் நாறினால் என்ன செய்வது, சோறு இறங்காவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. பக்கத்தில் நின்ற அன்னம்மா மேட்ரன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்னம்மா மேட்ரன் கோட்டயம் பக்கத்துக்காரர். மூன்று வருடம் கழித்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே என்னைக் கூப்பிட்டார். "ரோஸே, அந்தச் சீட்டு வாங்கிப் போனவங்களுக்கு ஒரு வீடு வேணும். பன்னிரண்டு கட்டில் போதும். நீ வரும் அல்லே?" என்றார். தமிழும் மலையாளமும் கலந்துதான் அவர் என்னிடம் பேசுவார். நான் யோசிக்க ஒரு வாரம் கேட்டேன். "எதுக்கு ஒரு வாரம்?" என்று கேட்டார். அரசாங்க வேலையை விட்டுவிட்டேன். என் அண்ணன் அதன் பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை.

திருவனந்தபுரத்திலேயே, ஸ்ரீவராகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு டாக்டர் வாரம் இரண்டு முறை வருவார். நர்சுகள் என்று நாங்கள் மூன்று பேர்.

மேட்ரன் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எது தப்பாக இருக்கிறதோ அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அந்தக் கட்டிலருகே நிற்பார். நாம் பார்த்துச் சரிசெய்யும்வரை அங்கிருந்து நகரமாட்டார். நோயாளியை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதலில் ஆளிடம் சொல்ல வேண்டும், பிறகுதான் தொட வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவரிடமும் சொல்ல வேண்டும். புண் கட்டும்போது மூக்கைச் சுளிக்கக் கூடாது. மூக்கைப் பொத்திக்கொள்வதைவிட அது மோசம் என்பார், ஏனென்றால் நோயாளி நம் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார்.

அந்த வீட்டுக்கு உதவி வராமல் இல்லை. சாலைக் கடைத்தெரு மொத்த வியாபாரி ஒருவர் மாதம் ஒரு மூட்டை அரிசி அனுப்புவார். பழைய வேட்டி, சேலை, ஆரஞ்சுப் பழம் எல்லாம் வரும். ஆனால் எல்லாம் வாசல் கேட்டோடு நின்றுவிடும். கேட்டுக்கு உள்ளே பொருளை வைப்பார்கள், மணியை அடிப்பார்கள், நாங்கள் வருவதற்குள் போய்விடுவார்கள். பன்னிரண்டு பேரும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பார்கள்.

இரண்டாம் வருடம் செல்லத்தாய் வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, ஐம்பது வயது இருக்கும். சாலைக் கடைத்தெருவில் சுமடு தூக்கும் தொழிலாளிகளுக்குக் காலையில் கஞ்சியும் களியும் விற்றுக்கொண்டிருந்தவள். உணவுக்குழாயில் கட்டி, முழுக்க அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளைபோட்டு ஒரு ரப்பர் குழாய் வைத்து அனுப்பியிருந்தார்கள். அவளைக் கொண்டுவந்து சேர்த்தது சொந்தக்காரர்கள் இல்லை. தலையில் சிவப்புத் துண்டு கட்டிய நான்கு சுமட்டுத் தொழிலாளிகள். அவர்களில் மூத்தவர் பாஸ்கரன். "சேச்சிக்கு ஆரும் இல்லா, நாங்க இருக்கோம்" என்று சொல்லி சேர்க்கும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

குழாய் வழியாக உணவு கொடுப்பதில் மேட்ரன் மகா கண்டிப்பு. கஞ்சியை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும். ஆளைச் சாய்ந்து உட்கார வைத்து, குழாயில் புனலைச் சொருகி, புனலை உயர்த்தியும் தாழ்த்தியும் தானாக இறங்க விட வேண்டும், அழுத்தக் கூடாது. கடைசியில் வெந்நீர் ஆறினது ஒரு டம்ளர் ஊற்றிக் குழாயைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி உள்ளே காய்ந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் அரை மணி படுக்க விடக் கூடாது.

அந்த அரை மணியில்தான் நானும் செல்லத்தாயும் பேசுவோம். குரல் கம்மிப்போயிருந்தாலும் பேச்சு குறையவில்லை.

"என்ன தாயி, பெட்ரோல் ஊத்தியாச்சா?" என்பாள்.

"ஊத்தியாச்சு அக்கா."

"அப்பம் வண்டிய எடுத்துர வேண்டியதுதான்."

ஒரு நாள் அதே அரை மணியில், "ஒனக்கு யாரு தாயி போனா?" என்று திடீரென்று கேட்டாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "அம்மா" என்றேன். என் அம்மா தக்கலையில் இறந்தபோது நான் வார்டில் டியூட்டியில் இருந்தேன். தந்தி கையில் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை. செல்லத்தாய் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அம்மாவின் பேர் என்ன, என்ன விரும்பிச் சாப்பிடுவாள் என்றுகூடக் கேட்டாள். பிறகு தன் மகனைப் பற்றிச் சொன்னாள். ஒரே மகன், கணேசன். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். பத்தொன்பது வயது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அவன் இறந்த நாளில் கடையில் காசு வாங்காமல் வந்தவர்களுக்கெல்லாம் உளுந்தங்களி கொடுப்பாளாம். அவனுக்குப் பிடித்தது அது.

"இன்னும் பதினெட்டு நாளு கெடக்கு தாயி. இந்த வருசம் இங்கன உள்ளவுகளுக்குப் போடணும். நான் இங்கனதான இருக்கேன்."

மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். "அது வேண்டா, ரோஸே" என்றார் உடனே. வெளிச் சாப்பாடு வந்து ஒருவருக்கு வயிற்றுப்போக்கு ஆனால் இந்த உடம்புகள் தாங்காது. அவர் சொன்னதில் தப்பில்லை.

"வெளியிலிருந்து வராது மேட்ரன். இங்கேயே கிண்டலாம்."

"அடுக்களையில நோயாளிக்கு இடம் இல்லா."

"முற்றத்தில் கிண்டலாம். கட்டிலை வராந்தாவில் போட்டால் அவங்க பார்த்துச் சொல்லிக்கொடுப்பாங்க."

மேட்ரன் என்னைப் பார்த்தார். "நீ எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

"இந்த வீட்டுக்கு வந்து எல்லாரும் குடுத்துட்டுப் போறாங்க மேட்ரன். இங்கே இருக்கிற யாரும் யாருக்கும் ஒண்ணும் குடுக்க முடியலை. இவங்க ஒருத்தங்கதான் குடுக்கணும்னு கேக்கிறாங்க."

அவர் செல்லத்தாயின் கட்டிலருகே போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு, "உருளி பெரியதா வேணும். அதை நான் வெந்நீர்ல கழுகும்" என்றார்.

இதற்கிடையில் இன்னொரு தொல்லை தலைக்கு மேல் நின்றது. வீட்டுச் சொந்தக்காரர் விஸ்வநாதய்யர், ஓய்வு பெற்ற எஞ்சினியர். நர்சிங் ஹோம் என்று நினைத்து வீட்டைக் கொடுத்தவர். சந்தில் உள்ளவர்கள் சேர்ந்து அவரிடம் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். வியாதி தொற்றும், வாரத்துக்கொரு பிணம் போகிறது, குழந்தைகள் பயப்படுகின்றன என்று. அவர் எங்களிடம் வந்து அதைப் படித்தே காட்டினார். "நான் ஒண்ணும் ராட்சசன் இல்லை, சிஸ்டர். எதிராத்துப் பொண்ணைப் பார்க்க வந்தவா உங்க வாசலைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டா. நான் என்ன சொல்றது அவாளுக்கு?" என்றார். எப்போது காலி செய்கிறோம் என்று பதில் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறும் கணேசன் நாளும் ஒன்றாக அமைந்தன. அவரை வேறொரு நாள் வரச் சொல்லலாமா என்று மேட்ரனைக் கேட்டேன். "எதுக்கு? வரட்டே" என்றார்.

அன்று காலையிலேயே பாஸ்கரனும் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு வெண்கல உருளி, கருப்பட்டி, தோலோடு வறுத்துத் திரித்த உளுந்தமாவு, நல்லெண்ணெய். மேட்ரன் சொன்னபடியே உருளியைத் தானே கழுவினார். முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு. வராந்தாவில் நான்கு தலையணை வைத்துச் செல்லத்தாயைச் சாய்த்து உட்கார வைத்தேன். அந்தக் கம்மிப்போன குரல் முற்றம்வரை எட்டாது. அவள் சொல்லுவாள், நான் கத்துவேன்.

"பாகை அரிக்கச் சொல்லு, மண்ணு கெடக்கும்."

"பாகை அரிங்க!"

"மாவக் கொட்டுதவன் ஒருத்தன், கிண்டுதவன் ஒருத்தன். கை நிக்கப்படாது."

கட்டி விழாமல் களி திரண்டு, எண்ணெய் பிரிந்து வந்தபோது பாஸ்கரன் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துவந்தார். செல்லத்தாய் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நான் நீட்டிய தட்டில் துப்பினாள்.

"கருப்பட்டி காணாது" என்றாள்.

பாஸ்கரன் திரும்பி நின்று தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் கருப்பட்டியைக் கரைக்கப் போனார்.

பதினொரு மணிக்கு விஸ்வநாதய்யர் வந்தார். கையில் குடையும் மனு இருந்த காகித உறையும். முற்றத்தில் நெருப்பும் உருளியும் சிவப்புத் துண்டுக்காரர்களும் இருப்பதைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் செல்லத்தாய் கையைக் காட்டி அவரைக் கூப்பிட்டாள். குரல் கேட்காததால் அவர் நாலடி கிட்டே வந்தார். அந்த வீட்டுக்குள் அவ்வளவு தூரம் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"எம் மவன் நாளு, சாமி. சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் சங்கடத்தோடு, "நான் வெளியிலே சாப்பிடறதில்லை, அம்மா" என்றார்.

"சாப்பிட வேண்டாம். நானுந்தான் சாப்பிட முடியாது. பரிமாறுங்க. ஆளு கொறைச்சலா இருக்குல்லா."

அவர் மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் கைகழுவும் இடத்தைக் காட்டினார். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, உறையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி வைத்தேன். கையைக் கழுவினார். கரண்டியை எடுத்தார்.

களி நன்றாக ஆறியிருந்தது. வாயில் புண் உள்ளவர்களுக்கும் விழுங்கச் சுலபம். அய்யர் ஒவ்வொரு கட்டிலாகப் போனார். முதல் கட்டிலில் கன்னம் முழுக்கப் புண்ணோடு ஒருவர். அய்யர் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆனால் முகம் மாறவில்லை. அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது கட்டிலுக்குப் போகும்போது, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று அவராகவே கேட்க ஆரம்பித்திருந்தார். அன்று பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் சாப்பிட்டார்கள். ஒருவர் இரண்டாம் முறை கேட்டார். நான்கு நாட்களாக எதையும் தொடாதவர் அவர்.

செல்லத்தாய் என் சேலை நுனியை இழுத்தாள். "எனக்கும் ஊத்து தாயி."

மேட்ரன் ஒரு பிடி களியைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, துணியில் மூன்று தடவை வடிகட்டினார். வழக்கத்தைவிட ஒரு தடவை கூட. மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். புனலை நான் பிடித்தேன், அவர் ஊற்றினார். செல்லத்தாய் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகன் நாளில் அவளும் சாப்பிட்டாள்.

விஸ்வநாதய்யர் கரண்டியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவள் என்னிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டாள். "ஒங்களுக்கு யாரு சாமி போனா?"

"ஆத்துக்காரி" என்றார் அவர். "மீனாட்சின்னு பேர். நாலு வருஷம் ஆச்சு."

"அவுகளுக்கு என்ன இஷ்டம்?"

"எலுமிச்சம்பழ சேவை" என்றார். வராந்தாவில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பதில் கேட்க வந்த விஷயத்தை அன்று அவர் எடுக்கவேயில்லை.

இதன் பிறகு அவர் மனம் மாறி வீட்டை எங்களுக்கே விட்டுவிட்டார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. மறுவாரம் வந்து, சந்துக்காரர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆறு மாதம் தருகிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்றார். மேட்ரன் நன்றி சொன்னார். நானும் மேட்ரனும் ஆறு மாதமும் டியூட்டி முடிந்த பிறகு பஸ்ஸிலும் நடந்தும் வீடு தேடினோம். இருபத்தேழு வாசலில் இல்லை என்றார்கள். இருபத்தெட்டாவது வீடு ஊருக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் கிடைத்தது. மரம் எப்போதும் எதிர்ப்பு மனு கொடுக்காது என்றார் மேட்ரன். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வேடிக்கைப் பேச்சு அது.

கட்டில்களைச் சுமந்து லாரியில் ஏற்றியது பாஸ்கரனும் ஆட்களும். வீட்டை மாற்றிய இரண்டாம் மாதம் ஒரு டாக்ஸி வந்தது. விஸ்வநாதய்யர் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தோடு இறங்கினார். எலுமிச்சம்பழ சேவை. தானே பரிமாறினார். அவர் இருந்தவரை ஒரு வருடமும் தவறவில்லை. அவர் சொல்லித்தான் அந்தச் சந்திலிருந்தே இரண்டு குடும்பங்கள் வந்தன. சாலைக் கடைத்தெருவில் சுமட்டுக்காரர்கள் சொல்லிக் கடைக்காரர்கள் வந்தார்கள். முன்பு கேட்டில் வைத்துவிட்டுப் போனவர்கள்தான் பலரும். தங்களுக்கு வேண்டியவர் நினைவோடு வந்தவர்களுக்கு உள்ளே வரத் தைரியம் இருந்தது.

செல்லத்தாய் இதையெல்லாம் பார்க்கவில்லை. களி கிண்டிய பதினோராம் நாள் காலையில் இறந்துபோனாள். அவளைப் புரட்டுவதற்கு முன், வழக்கப்படி, "அக்கா, இந்தப் பக்கம் திருப்புறேன்" என்றேன். பதில் வரவில்லை. அப்போதும் சொல்லிவிட்டுத்தான் தொட்டேன்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மாலை மேட்ரன் மேஜையில் உட்கார்ந்து அடிக்கோலும் பேனாவும் வைத்து ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார். நோயாளி சேரும்போது நாங்கள் நிரப்பும் தாள்கள். பேர், வயது, நோய், கொண்டுவந்து சேர்த்தவர் என்று நான்கு வரி இருக்கும். ஒவ்வொரு தாளிலும் கீழே ஐந்தாவதாக ஒரு வரி போட்டுக்கொண்டிருந்தார். "இதுல என்ன எழுதணும் மேட்ரன்?" என்றேன். "ஆரை ஓர்மிக்குந்நு? யாரை நினைக்கிறாங்கன்னு கேட்டு எழுது. எல்லார்கிட்டயும் கேக்கணும்" என்றார்.

முதலில் கேட்க வேண்டி வந்தது சுப்பையாவிடம். கல்லாறு என்ற ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்தவர், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். நாக்கில் புற்று. வந்து மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், யாரோடும் ஒரு வார்த்தை இல்லை. நான் தாளை வைத்துக்கொண்டு கேட்டேன். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். பேச்சு சரியாக வரவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"செத்தவுகளைத்தான் சொல்லணுமா?"

நான் மேட்ரனைப் பார்த்தேன். "பேப்பர்ல அங்ஙனெ, செத்தவங்கன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார் அவர்.

சுப்பையா சொன்ன பேர் வள்ளி. மகள். அவருக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டாள் என்று எட்டு வருடமாகப் பேச்சில்லை. நெடுமங்காட்டில் இருக்கிறாள் என்று மட்டும் தெரியும். ஐந்தாவது வரியில் அந்தப் பேரை எழுதினேன். அன்றே ஒரு கடிதமும் எழுதினேன். நெடுமங்காடு வழி போகும் லாரிக்காரர் ஒருவரைத் தெரியும் என்று பாஸ்கரன் அதை வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் தூக்குவாளி. மணியை அடிக்கவில்லை. வாளியைக் கேட்டுக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள். நான் ஓடிப் போனேன்.

"அவரு என்னைப் பாக்கச் சம்மதிக்க மாட்டாரு" என்றாள். "இதைக் குடுத்துருங்க, போதும்."

"உள்ள வாங்க" என்றேன். "உங்க பேரு எங்க பேப்பர்ல இருக்கு. அவருதான் சொன்னாரு."

வாளியை அவளே எடுத்துக்கொண்டாள். சுப்பையா சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். நான் பக்கத்தில் போய், "திருப்புறேன்" என்று சொல்லிவிட்டு, அவரை மகள் நின்ற பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன்.